அடுத்த வருஷத்துச் சாமான்

திராட்சைச் சாறு ஆளுக்கு நாலு புட்டிதான் என்று மஞ்சள் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சண்முகக்கனி அதை இரண்டு தடவை படித்தாள். ஆளுக்கு என்றுதான் இருந்தது, குடும்பத்துக்கு என்று இல்லை. அப்படியானால் தாலியாவும் ஒரு ஆள். பதினாலு வயசு மகள், கையில் செல்போனோடு பத்தடி தள்ளி, இந்தத் தள்ளுவண்டிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவளைப் போல நின்றுகொண்டிருந்தாள். "இங்க வா. என் நாலு, உன் நாலு. நீ தனியா பில் போட்டுரு." "அம்மா, கீழ் அறையில ஏற்கனவே பன்னெண்டு இருக்கு." "பதினாலு பேரு வர்றாங்க. ஆளுக்கு நாலு கோப்பை. கணக்குப் போட்டுப் பாரு." தாலியா செல்போனில் தட்டிப் பார்த்தாள். "போட்டுட்டேன். அஞ்சு புட்டி போதும்." "மிச்சம் அடுத்த வருஷத்துக்கு" என்று சொல்லிவிட்டு, சொன்னது தன் வாய்தான் என்பது அரை நொடி கழித்துத்தான் கனிக்கு உறைத்தது. அடுத்த வருஷம். போன வருஷம் இதே வரிசையில் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தாள், அப்போது வண்டியைத் தள்ளியது புருஷன் ஜோயல். தாலியா தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் கனி நாலு புட்டிகளை எடுத்து மகளின் கைகளில் திணித்தாள். கனமாகத்தான் இருக்கும், இருக்கட்டும், சுமந்தால் தெரியும். யூதர்களின் பெசாக் பண்டிகை வர இன்னும் பதினேழு நாள் இருந்தது. நம்ம ஊர்க் கிறிஸ்தவர்கள் பஸ்கா என்பார்களே, அதுதான். எட்டு நாள் வீட்டில் புளித்த மாவு கிடையாது, ரொட்டி கிடையாது, ஜோயல் வீட்டு வழக்கப்படி அரிசியும் பருப்பும்கூடக் கிடையாது. அப்பளம் மாதிரி மொரமொரவென்று மட்சா மட்டும்தான். முதல் நாள் ராத்திரி செடர், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கதையை ஹீப்ருவில் வாசித்து, அப்புறம் விருந்து. அந்த எட்டு நாளுக்கென்று தனியாக முத்திரை குத்தி வருகிற சாமான்களுக்கு இந்த ஊரில் வைக்கிற விலையைப் பார்த்தால் விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்த அப்பா எழுந்து வந்து சண்டைக்கு நிற்பார். அப்பா சொல்வார், விலை இறங்கும்போது வாங்குகிறவன் வியாபாரி, ஏறும்போது வாங்குகிறவன் வாடிக்கைக்காரன் என்று. மாசி, பங்குனியில் புளியும் வத்தலும் மல்லியும் வீடு கொள்ளாமல் வந்து இறங்கும், ஒரு வருஷத்துக்கு. யாரும் அதைப் பேராசை என்று சொன்னதில்லை. இங்கே ஆறு ஜாடித் தேனை வண்டியில் வைத்தால் முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உருளைக்கிழங்கு மாவு தள்ளுபடியில் இல்லை, அதைத் தொடவில்லை. அது பெசாக் முடிந்த மறுநாள் பாதி விலைக்கு வரும், அதற்கு மறுநாள் கால் விலைக்கு. போன வருஷத்து மாவே நாலு பெட்டி இருக்கிறது, தேதி எல்லாம் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள். அலுமினியத் தட்டு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், அதை எடுத்தாள். மெழுகுவத்தி, அதையும். எடுக்க எடுக்க மனசுக்குள் ஷெரிலின் குரல் ஒரு பக்கம் ஓடிக்கொண்டேயிருந்தது, மூடாத குழாய் மாதிரி. ஷெரில் அவள் நாத்தனார், ஜோயலின் ஒரே தங்கை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், கனி பல் மருத்துவமனையில் காப்பீட்டுக் காகிதங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கூப்பிட்டாள். "கானி, இந்த வருஷம் செடரை எங்க வீட்டுல வெச்சுக்கலாம். நீ ஒண்ணும் கொண்டுவர வேண்டாம், வந்து உட்கார்ந்தா போதும். உனக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும். எப்படியும் உனக்கு இதெல்லாம் இனிமே கட்டாயம் இல்லையே." கனி என்ற பெயரைக் கானி என்று நீட்டுகிற அந்தக் குரலில் அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. அன்பு இருந்தது. அதுதான் தொண்டையில் நின்றது. மீன் முள் என்றால் ஒரு உருண்டைச் சோற்றை விழுங்கித் தள்ளிவிடலாம். 'இனிமே' என்ற வார்த்தையை எதை விழுங்கித் தள்ளுவது? பதினெட்டு வருஷம். யூத மதத்தில் சேர இரண்டு வருஷம் ராத்திரிப் படிப்பு, ரபிகள் என்கிற குருமார் மூன்று பேர் முன்னால் கேள்வி, அப்புறம் அந்தத் தொட்டித் தண்ணீரில் மூன்று முங்கு. தை மாதக் குளிரில். மூன்றாவது முங்கில் காதுக்குள் தண்ணீர் போய் இரண்டு நாள் எல்லார் பேச்சும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. ஜோயல் போன ஐப்பசியில் செத்துப்போனான், சரி. அந்த மூன்று முங்குமா அவனோடு செத்துப்போயிற்று? அவனுக்காகத்தான் முங்கினாளா? இந்தக் கேள்வி வந்ததும் கனி வண்டியை நிறுத்தி, தேவையே இல்லாமல் ஒரு மிளகுப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தாள். ஏனென்றால் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. முதல் முங்கு அவனுக்காக, அது நிச்சயம். இரண்டாவது, அவன் அம்மா பெர்னிஸ் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று. மூன்றாவது? காதில் தண்ணீர் போனதே, அது யாருக்காக? அப்போது மூச்சு முட்டி மேலே வந்து வாய் நிறையக் காற்றை இழுத்தது யார்?

மீன் ஜாடிகள் இருந்த அலமாரி வந்துவிட்டது. அதைச் சுற்றிப் போகலாம், அடுத்த வரிசையில் எண்ணெய் இருக்கிறது. சுற்றிப் போகிற ஜாதி இல்லை அவள். நேராகவே போனாள். கண்ணாடி ஜாடிக்குள் கூழ் மாதிரி ஒரு தண்ணீரில் மிதக்கிற சாம்பல் நிற மீன் உருண்டைகள், அதில் சீனி வேறு. மீனில் சீனி போடுகிற ஜனங்களுக்கு நடுவில் வாக்கப்பட்டிருக்கிறேன் என்று தங்கச்சிக்கு ஒரு தடவை எழுதியிருந்தாள். வீட்டில் அதைத் தின்கிறவன் ஒருத்தன்தான். போன வருஷம் பெசாக் முடிந்த மறுநாள், எல்லாம் முக்கால்வாசி தள்ளுபடி, இங்கேதான், இந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் கல்லீரல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் பேசியிருந்தார், மாதக் கணக்கில் பேசினார், வருஷக் கணக்கில் பேசவில்லை. கனி காதில் வாங்கிக்கொண்டாள், மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்தே மனசுக்குள் பட்டியல் போட ஆரம்பித்தாள், அடுத்த வருஷத்துக்கு என்னென்ன என்று. நீ மாதம் என்று சொல்கிறாயா, நான் வருஷத்துக்கு வாங்குகிறேன் பார். ஜாடி ஜாடியாக எடுத்து வண்டிக்குள் வைத்தாள். ஜோயல் வண்டியின் கைப்பிடியில் உடம்பைச் சாய்த்து நின்றிருந்தான், நாலு வரிசை நடந்ததற்கே மூச்சு வாங்கியது. "கனி, இதெல்லாம் யாருக்கு?" அவன் மட்டும் கனி என்றுதான் கூப்பிடுவான், குறில் தவறாது, முதல் மாதமே சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்டான். "உனக்குத்தான். வேற யாரு திம்பா இந்தக் கர்மத்தை?" அவன் அவளையே பார்த்தான். அப்புறம் கையை நீட்டி, அலமாரியிலிருந்து ஜாடி எடுத்து வண்டியில் வைத்தான். "இது பத்தாது" என்றான். அவன் எடுத்து வைத்தது ஒன்றா இரண்டா? இதுதான் அவளுக்கு நினைவில்லை. ஆறு மாதமாக இதே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது, சேலைத் தலைப்பு ஆணியில் மாட்டுகிற மாதிரி. கீழ் அறையில் ஒன்பது ஜாடி இருக்கிறது. அவள் ஏழு வைத்தாள் என்றால் அவன் இரண்டு. எட்டு வைத்தாள் என்றால் அவன் ஒன்று. ரசீதில் ஒன்பது என்றுதான் இருக்கும், யார் கை என்று ரசீதில் போட மாட்டார்கள். கையை நீட்டியது தெரிகிறது, மணிக்கட்டில் ஊசி குத்திய இடத்தில் நீலம் தெரிகிறது, கண்ணாடி கண்ணாடியில் உரசின சத்தம் கேட்கிறது. ஒரு சத்தமா, இரண்டு சத்தமா? ஆஸ்பத்திரியில் அவன் நினைவு தப்பிக் கிடந்த கடைசி மூன்று நாளும்கூட அவனிடம் இதைக் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது, சொன்னால் சிரிப்பார்கள். சரி, ஒன்றோ இரண்டோ. ஒன்பதையும் திறப்பாள். செடருக்கு ஒன்பதையும் திறந்து மேஜை நடுவில் வைப்பாள், அத்தனை பேரும் தின்றே ஆக வேண்டும். அவளும் தின்பாள், சீனியோடு.

"அம்மா, கூட்டம் சேருது" என்றாள் தாலியா. ஆமாம், பணம் கட்டுகிற இடத்தில் ஒவ்வொரு வரிசையிலும் ஐந்தாறு வண்டி நின்றது. மூன்றாவது வரிசையில் போய் நின்றார்கள். தாலியா நாலு புட்டிகளையும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்போடு அணைத்திருந்தாள். ஜோயலின் மூக்கு, அம்மாவின் நிறம். இவள் பிறந்தபோது ஊருக்குப் போன் போட்டுப் கனி பெயரைச் சொன்னாள். கனியின் அம்மா கேட்டாள், "கழுத்துல தாலியில்லாம கல்யாணம் முடிச்சே, சரின்னு இருந்தோம். பிள்ளைக்குப் பேரு மட்டும் தாலியாவாக்கும்?" ஹீப்ருவில் அதற்குக் கடவுளின் பனித்துளி என்று அர்த்தம், எவ்வளவு சொல்லியும் அம்மாவுக்கு ஏறவில்லை. அவர்கள் வீட்டில் இவளுக்குப் பெயர் இன்றுவரை பாப்பாதான். ஜோயல் போன செய்தி கேட்டு அம்மா போனில் அழுதாள், உண்மையாகவே அழுதாள், பத்து நாள் கழித்துச் சொன்னாள், "அவுகளே போயாச்சு. இன்னும் எதுக்குத்தா அவுக நோன்பையும் விரதத்தையும் தூக்கிச் சுமந்துக்கிட்டு இருக்கே? பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துரு. உனக்குன்னு மாடி வீடு சும்மாதான் கிடக்கு." இங்கே ஷெரில் கட்டாயமில்லை என்கிறாள், அங்கே அம்மா எதற்கு என்கிறாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஜென்மத்தில் பார்த்ததில்லை, பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே கதவை இரண்டு பக்கமிருந்தும் சாத்துகிறார்கள். நடுவில் நிற்கிறவளுக்கு மூச்சு முட்டாதா? அம்மாவிடம் பேசும்போது இப்போதெல்லாம் ஜோயலை அவர் என்று சொல்கிறாள். உயிரோடு இருந்தவரை அவன், இவன்தான், செத்ததும் மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. தனக்குள் நினைக்கும்போது அவன் என்றே நினைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நினைக்கிறாள். அவர் என்று நினைத்த நாளில் அவன் சுவரில் மாட்டின படமாகிவிடுவான்.

வரிசை ஒரு வண்டி நகர்ந்தது. பயம் இல்லாமல் இல்லை. பல் மருத்துவமனைச் சம்பளம் ஒன்றை வைத்துக்கொண்டு வீடு, பிள்ளை, காப்பீடு எல்லாம் ஓட்ட வேண்டும், ராத்திரியில் அது நெஞ்சில் ஏறி உட்காருகிறது. ஆனால் அந்தப் பயம் ஒரு பக்கம் ஒழுங்காக நிற்கிற பயம். இன்னொரு பயம் ஒளிந்து விளையாடுகிறது. போன வெள்ளிக்கிழமை கதவிடுக்கில் ஒரு உறை கிடந்தது, தொழுகைக் கூடத்திலிருந்து. பண்டிகைச் சாமான் வாங்க முடியாத வீடுகளுக்கு யார் கொடுத்தது, யார் வாங்கினது என்று தெரியாமல் கொடுக்கிற கடை அட்டை. நல்ல வழக்கம், கனியும் ஜோயலும் வருஷா வருஷம் அந்த நிதிக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாங்குவது தப்பில்லை, தேவைப்பட்டால் வாங்க வேண்டியதுதான், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் இவர்கள் கேட்கவில்லையே. அவள் வீட்டுக் கீழ் அறையில் என்ன இருக்கிறது என்று ஒருத்தராவது வந்து பார்த்தார்களா? ஒரு வருஷமாக ஒவ்வொரு தள்ளுபடியாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது, சர்க்கரையிலிருந்து மேஜை விரிப்பு வரைக்கும், பெட்டி மேல் பெட்டியாக, ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் தேதி. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போனாள். அவன் போன மாதமும் போனாள், தேன் இரண்டு வாங்கினால் ஒன்று என்று போட்டிருந்தார்கள், போகாமல் எப்படி? எல்லாரும் அவளுக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். பேதலிக்காமல் இருந்தது அதனால்தான். அடுத்த வருஷம் ஒன்று இருக்கிறது என்று அவளிடம் அடித்துச் சொன்னவை அந்தப் பெட்டிகள் மட்டும்தான். உறையைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தாள். "வேற வீட்டுக்குப் போகட்டும். எங்க வீட்டுல பதினாலு பேருக்கு விருந்து" என்று சொன்னாள். சொன்னது வெள்ளிக்கிழமை. ஷெரிலுக்கு அவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று செவ்வாய்க்கிழமை போனை வைத்தவள், வைத்தவள்தான். ஊருக்கெல்லாம் விருந்து சொல்லியாயிற்று, விருந்துக்கு வர வேண்டியவளுக்குச் சொல்லவில்லை. அந்த ஒளிந்து விளையாடுகிற பயம் இங்கேதான் இருந்தது. செடரில் எல்லாரும் ஜோயலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள், அவன்தான் வாசிப்பான். அவன் இல்லாத மேஜையில் அத்தனை முகமும் யாரைப் பார்க்கும்? அவளையா? அவர்கள் பார்வையில் அவள் யார்?

தாலியா முதலில் போனாள், தன் நாலு புட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு, முகம் சிவந்து, அந்தப் பக்கம் போய் நின்றாள். கனியின் சாமான்கள் கறுப்புப் பட்டையில் வரிசையாக நகர்ந்தன. கல்லாவில் இருந்த பெண் நடுத்தர வயசு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "போன் நம்பர்?" என்றாள். கனி சொன்னாள். சொல்லி முடித்ததும் சின்னத் திரையில் பச்சை எழுத்தில் வந்தது, நல்வரவு ஜோயல். எப்போதும் வருகிறதுதான். பதினோரு வருஷம் முன்னால் அவன் பெயரில் பதிந்தது, புள்ளிகளெல்லாம் அந்தப் பெயரில்தான் சேருகின்றன, நானூறு டாலருக்கு வாங்கினால் ஐந்து பவுண்டு மட்சா இலவசம் என்பதும் அந்தப் பெயருக்குத்தான். ஐப்பசிக்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கனி அதைத் தனியாகத்தான் பார்த்திருக்கிறாள். இன்று தாலியா பார்த்துவிட்டாள். புட்டிகளை அணைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா பேரு இன்னும் இருக்கு" என்றாள் தமிழில், மெதுவாக. "இருக்கு." "மாத்தலையா நீ?" கல்லாப் பெண்ணுக்குப் பாஷை புரியாவிட்டாலும் முகம் புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "அந்தக் கவுண்ட்டர்ல சொன்னா பேரை மாத்திக் கொடுத்துடுவாங்கம்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றாள். நல்ல மனுஷிதான். "மாத்த வேண்டாம்" என்றாள் கனி. "இது அவர் சேர்த்தது. மட்சாவைக் குடுங்க." அவர் என்று இங்கிலீஷில் சொல்ல வழியில்லை, ஆனாலும் அவளுக்கு அப்படித்தான் கேட்டது, கேட்ட மாத்திரத்தில் எரிச்சல் வந்தது. அவன், அவன், அவன். ஐந்து பவுண்டு மட்சாக் கட்டு பட்டையின் கடைசியில் வந்து விழுந்தது. தாலியா ஒரு கையால் அதை எடுத்து வண்டியின் உச்சியில், உடையாத இடமாகப் பார்த்து வைத்தாள். அப்புறம் வண்டியை அவளே தள்ளினாள்.

வெளியே தூறல். வண்டிகள் நிறுத்துகிற இடம் சரிவாக இருந்ததால் தள்ளுவண்டி தானாகவே ஓடப் பார்த்தது. தாலியா அதைக் காரின் பின்பக்கம் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டுச் சாமான்களை அடுக்க ஆரம்பித்தாள். கனி நனைந்தபடியே நின்று போனை எடுத்தாள். காருக்குள் உட்கார்ந்து கூப்பிட்டால் உட்கார்ந்தே ஒப்புக்கொண்டுவிடுவோம் என்று தோன்றியது. இரண்டாவது மணியில் ஷெரில் எடுத்தாள். "ஷெரில், செடர் எங்க வீட்டுல." அந்தப் பக்கம் ஏதோ தண்ணீர்ச் சத்தம் நின்றது. "கானி, நீ கஷ்டப்பட வேண்டாம்னுதானே சொன்னேன்." "கஷ்டம்தான். கஷ்டமில்லாம எந்த வருஷம் நடந்துச்சு? இனிமே எனக்குக் கட்டாயமில்லைன்னு சொன்னே. எனக்குக் கட்டாயம். அவன் இருந்தாலும் கட்டாயம், இல்லாட்டியும் கட்டாயம்." "நான் அப்படியா சொன்னேன்?" "சொன்னே." தூறல் காதோரமாக இறங்கிக் கழுத்துக்குள் போயிற்று, சில்லென்று. "சொல்லியிருப்பேன்" என்றாள் ஷெரில். "உன்னை நெனச்சுச் சொல்லலை கானி. எனக்காகச் சொன்னேன். உன் வீட்டுக்கு வந்தா அவன் உட்கார்ற இடம் கண்ணுக்கு நேரா இருக்கும். என்னால முடியாதுன்னு இருந்துச்சு." இதைக் கனி எதிர்பார்க்கவில்லை. ஐந்து நாளாக மனசுக்குள் கட்டி வைத்திருந்த சண்டைக்கு எதிரி இப்படி நடுவில் உட்கார்ந்து அழுதால் என்ன செய்வது? ஆனாலும் இறங்கிக்கொடுக்கக் கூடாது. இறங்கினால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதுவிட்டு, மேஜை அங்கே போய்விடும். "எனக்கும்தான் முடியலை. தினம் அந்த இடத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். அதுக்காக மேஜையைத் தூக்கிட்டுப் போயிருவியா? நீயும் வா, அத்தையையும் கூட்டிட்டு வா. பார்த்து அழணும்னா எல்லாரும் அங்கேயே அழுவோம்." ஷெரில் மூக்கை உறிஞ்சினாள். "சரி. ஆனா யாரு வாசிப்பா? என் வீட்டுக்காரருக்கு ஹீப்ரு ஒரு எழுத்து தெரியாது. அம்மாவுக்குக் கண்ணு தெரியலை." அத்தனை முகமும் யாரைப் பார்க்கும் என்று பயந்தாளே, அந்த இடம் இதுதான். மூன்றாவது முங்கின் தண்ணீர் மாதிரி அது வந்து காதை அடைத்தது. வாயைத் திறந்தால் காற்று இருந்தது. "நான் வாசிப்பேன்" என்றாள். "நீயா?" "நான்தான். விருதுநகர் ஹீப்ருவாத்தான் இருக்கும். கேக்குறவங்க கேக்கட்டும்." ஷெரில் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "நான் என்ன கொண்டுவரட்டும்?" ஒன்றும் வேண்டாம், எல்லாம் இருக்கிறது என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. எல்லாம் இருந்தது, உண்மைதான், ஒன்றைத் தவிர. "நாற்காலி. எங்கிட்ட பத்துதான் இருக்கு. நாலு கொண்டு வா."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினால் தாலியா டிக்கியை மூடாமல் கையை மேலே பிடித்தபடி நின்றாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது, தன் பக்கத்தை முழுக்கக் கேட்டிருப்பாள். "நீயா வாசிக்கப் போறே?" "ஏன், கூடாதா?" "கூடும்" என்றாள் தாலியா. "அப்பா நடுவுல நடுவுல நிறுத்திக் கதை சொல்வாரு. சாப்பிட ரொம்ப நேரமாயிரும். பெர்னிஸ் பாட்டி பசியில திட்டுவாங்க." கனி ஈரக் கையைச் சேலை இல்லாத இடுப்பில், மழைக்கோட்டின் மேல், துடைத்தாள். மூன்று முங்கு முங்கினவளுக்கு இந்தத் தூறல் ஒரு பொருட்டா? "நான் கதையெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றாள். "நேரத்தோட சாப்பாடு போடுவேன். மூடு டிக்கியை, மட்சா நனையுது."